உங்களுக்குத் தெரியுமா? பேக்கப்புக்கு எத்தனை ஜி.பி. வேண்டும்?

கணினியில் உள்ளதை இணையத்தில் பேக்கப் எடுத்து வைக்கலாம் என்று உட்கார்ந்தால் முதலில் எதிரே வந்து நிற்பது விலைப்பட்டியல்தான். 100 ஜி.பி., 200 ஜி.பி., 2 டி.பி. என்று வரிசை நீளும். சிலர் எதற்கும் இருக்கட்டும் என்று பெரியதை எடுக்கிறார்கள். பலர் எதை எடுப்பது என்று தெரியாமல் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடிவிடுகிறார்கள். ஒரு நாள் ஹார்டு டிஸ்க் போன பிறகு கடை கடையாக ஏறி இறங்குவது இந்த இரண்டாவது வகையினர்தான். அவர்களுக்காகவே இந்தத் துணுக்குகள்.

★ மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2014 அக்டோபரில் ஆபீஸ் 365 சந்தாதாரர்களுக்கு ஒன்டிரைவில் அளவில்லாத இடம் தருவதாக அறிவித்தது. 2015 நவம்பரில் அதைத் திரும்பப் பெற்றது. சிலர் ஆளுக்கு 75 டி.பி.க்கு மேல் ஏற்றிவிட்டார்கள், அது சராசரியைப்போல 14,000 மடங்கு என்று காரணம் சொன்னது. அந்தக் கணக்கைத் திருப்பி வகுத்துப் பாருங்கள். சராசரிப் பயனர் வைத்திருந்தது ஐந்தரை ஜி.பி.கூட இல்லை! அதன்பிறகு கைபேசி வீடியோக்கள் பெருகிவிட்டன என்பது உண்மை. ஆனாலும் 2 டி.பி. இல்லாமல் முடியாது என்று நினைப்பவர்களில் பலருக்கு அதில் பத்தில் ஒரு பங்கே போதும்.

★ யூனிகோடு தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் இடம் தேவை (யூ.டி.எஃப்-8 முறையில்). 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். ஆக 15 பைட். 250 சொற்கள் கொண்ட ஒரு பக்கம் சுமார் 8 கே.பி. அப்படி 10,000 பக்கங்கள் எழுதியவரின் வாழ்நாள் உழைப்பு முழுதும் 80 எம்.பி.க்குள் அடங்கிவிடும். எழுத்தாளர்களே, ஆய்வாளர்களே, ஆசிரியர்களே, உங்கள் எழுத்தைக் காப்பாற்ற இலவசத் திட்டமே தாராளம். தயவுசெய்து இன்றே ஏற்றிவிடுங்கள்.

★ இடத்தை விழுங்குவது வீடியோ. அதுவும் எந்தத் தரத்தில் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்துப் பல மடங்கு மாறும். ஐபோனின் கேமரா அமைப்பிலேயே இந்தக் கணக்கு எழுதியிருக்கிறது: சாதாரண முழு எச்.டி.யில் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 60 எம்.பி.; 4கே தரத்தில், விநாடிக்கு 60 படங்கள் என்றால் 400 எம்.பி. மூன்று மணி நேரக் கல்யாணத்தை முதல் தரத்தில் எடுத்தால் 11 ஜி.பி.க்குள் முடியும். இரண்டாவதில் 72 ஜி.பி. ஆகும். நூறு ஜி.பி. திட்டத்தில் முக்கால்வாசி ஒரே கல்யாணத்துக்குப் போய்விடும்! பெரிய திட்டத்துக்குப் பணம் கட்டும் முன் கைபேசியில் இந்த ஓர் அமைப்பைப் பாருங்கள்.

★ 1956-இல் ஐ.பி.எம். வெளியிட்ட ராமாக் கணினியின் வட்டு அலகுதான் உலகின் முதல் வணிக ஹார்டு டிஸ்க். எடை ஒரு டன்னுக்கு அருகில். கொள்ளளவு இன்றைய கணக்கில் 4 எம்.பி.க்கும் குறைவு. இன்று கைபேசியில் எடுக்கும் ஒரே ஒரு படம் அதை நிரப்பிவிடக்கூடும்.

★ சரி, உங்களிடம் எவ்வளவு இருக்கிறது? விண்டோஸ் கணினியில் ஒரு ஃபோல்டரின் மேல் ரைட் கிளிக் செய்து 'பிராப்பர்டீஸ்' பார்த்தால் அதன் அளவு தெரியும். டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ், டவுன்லோட்ஸ் என ஒவ்வொன்றாகப் பார்த்து ஒரு தாளில் எழுதுங்கள். 'விண்டோஸ்', 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டர்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அவற்றை மறுபடியும் நிறுவிக்கொள்ள முடியும். இணையத்தில் எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும் சினிமா, பாட்டு எல்லாவற்றையும் விடுங்கள். உங்களைத் தவிர வேறு எவராலும் திருப்பித் தர முடியாதது எது? அதன் மொத்த அளவுதான் நீங்கள் வாங்க வேண்டிய திட்டத்தின் அடிப்படை.

★ இந்தக் கணக்கெடுப்பில் பலரும் மறப்பவை இரண்டு. ஒன்று, டேலி கணக்கு. அதன் தரவு பெரும்பாலும் 'டாக்குமெண்ட்ஸ்' ஃபோல்டரில் இருக்காது. டேலியை நிறுவியவர் குறித்த தனி இடத்தில் இருக்கும். கடைக்கு வரும் கணக்காளரிடமோ டேலி போட்டுக் கொடுத்தவரிடமோ அந்த இடத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு, அவுட்லுக்கின் பி.எஸ்.டி. கோப்பு. பழைய முறையில் அஞ்சலைக் கணினிக்கே இறக்கி வைப்பவர்களுக்கு பத்துப் பதினைந்து ஆண்டு வணிகக் கடிதங்கள் அந்த ஒற்றைக் கோப்பில்தான் கிடக்கின்றன. அது 50 ஜி.பி. வரை வளரும்.

★ பெரிய ஒற்றைக் கோப்பு என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. 20 ஜி.பி. அஞ்சல் கோப்பில் இன்று சேர்ந்தது இரண்டே கடிதங்களாக இருக்கலாம். சில பேக்கப் மென்பொருட்கள் மாறிய துண்டை மட்டும் அனுப்பும். வேறு சில 20 ஜி.பி.யையும் மறுபடி ஏற்றும். பழைய பிரதிகளையும் சேமிக்கும் சேவையில் இந்த இரண்டாம் வகை மென்பொருள் அகப்பட்டால் ஒரே வாரத்தில் இடம் நிரம்பிவிடும். வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி: "மாறினது மட்டும் போகுமா, ஃபைல் முழுசாப் போகுமா?"

★ 1 டி.பி. ஹார்டு டிஸ்க் வாங்கிச் செருகினால் விண்டோஸ் 931 ஜி.பி. என்றே காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார். விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. ஆப்பிள் 2009 முதல் ஆயிரக் கணக்குக்கே மாறிவிட்டதால் மேக் கணினியில் இந்தக் குழப்பம் இல்லை. 190 ஜி.பி. என்று விண்டோஸ் காட்டுவது ஆயிரக் கணக்கில் 204 ஜி.பி. ஆகும். திட்டத்தின் விளிம்பில் நிற்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

★ ஜிமெயில், கூகுள் டிரைவ், கூகுள் போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான் இலவச 15 ஜி.பி. 2021 ஜூன் 1-க்கு முன் 'உயர் தரம்' என்ற அமைப்பில் ஏற்றிய படங்கள் கணக்கில் வராது. அதன்பின் ஏற்றியவை எல்லாம் வரும். ஆண்ட்ராய்டு கைபேசியின் வாட்ஸ்ஆப் பேக்கப்பும் முன்பு கணக்கில் வராமல் இருந்தது. 2024 முதல் அதுவும் சேர்ந்துவிட்டது. 'எதுவுமே புதிதாக வைக்கவில்லை, எப்படி நிரம்பியது?' என்று திகைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் வாட்ஸ்ஆப்தான். குழுக்களில் வரும் காலை வணக்கப் படங்களும் வீடியோக்களும் அந்தப் பேக்கப்போடு சேர்ந்து ஏறிக்கொண்டிருக்கும். வீடியோவைச் சேர்க்க வேண்டாம் என்று வாட்ஸ்ஆப்பிலேயே சொல்லி வைக்கலாம்.

அந்த 15 ஜி.பி. நிரம்பினால் படம் ஏறாது என்பதோடு போவதில்லை. மின்னஞ்சலும் வராது! வேலைக்கான அழைப்போ பிள்ளையின் கல்லூரிச் சேர்க்கைக் கடிதமோ அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும். டிரைவின் குப்பைத் தொட்டியில் கிடப்பதும் இடத்தை அடைக்கும் என்பதால் அவசரத்துக்கு முதலில் அதைக் காலி செய்யுங்கள்.

★ ஆப்பிளின் ஐகிளவுட் 2011-இல் தொடங்கியபோது இலவசமாகத் தந்தது 5 ஜி.பி. இன்றும் அதே 5 ஜி.பி.தான்.

★ 'அன்லிமிடெட்' என்ற வாக்குறுதிக்கு ஆயுள் குறைவு. மோஸி என்ற முன்னோடிச் சேவை 2011-இல் அதைக் கைவிட்டு 50 ஜி.பி. என்று வரம்பு வைத்தது. ஒன்டிரைவ் 2015-இல் கைவிட்டது. அமேசான் 2017-இல். டிராப்பாக்ஸ் நிறுவனம் தன் வணிகத் திட்டத்தில் தந்துவந்த 'வேண்டிய அளவு இடம்' சலுகையை 2023 ஆகஸ்டில் நிறுத்தியது; கிரிப்டோ நாணயம் தோண்டவும் இடத்தை வாங்கி விற்கவும் சிலர் அதைப் பயன்படுத்தியதாகச் சொன்னது. ஒரு கணினிக்கு அளவில்லாமல் பேக்கப் தரும் பேக்பிளேஸ் போன்ற சேவைகள் இன்றும் இருக்கின்றன, நன்றாகவும் இருக்கின்றன. ஆனால் அவற்றின் நிபந்தனைகளைப் படியுங்கள். வெளி ஹார்டு டிஸ்க்கை நெடுநாள் இணைக்காமல் விட்டால் அதன் நகலை நீக்கிவிடுவது அவற்றில் ஒன்று. அந்த டிஸ்க்கைப் பீரோவில் வைத்துவிட்டு இணையத்தில் நகல் பத்திரமாக இருக்கிறது என்று நம்பக் கூடாது.

★ இடம் வாங்கியாயிற்று, ஏற்ற எத்தனை நாள் ஆகும்? இணைய வேகம் மெகா பிட் கணக்கு. கோப்பு மெகா பைட் கணக்கு. எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். விநாடிக்கு 10 மெகா பிட் அப்லோடு வேகத்தில் 500 ஜி.பி. ஏற்ற, இடைவிடாமல் ஓடினாலும் 4 நாள் 15 மணி நேரம் ஆகும். தினம் 2 ஜி.பி. தரும் கைபேசி டேட்டாவை முழுதாக இதற்கே செலவழித்தால் 250 நாள்! அப்லோடு வேகம் டவுன்லோடைவிடக் குறைவாக இருக்கும் இணைப்புகளும் உண்டு. வேகச் சோதனையில் இரண்டாவது எண்ணைப் பாருங்கள். நம் ஊர் ஃபைபர் திட்டங்கள் பலவற்றில் மாதம் 3,300 ஜி.பி. என்ற வரம்பு இருக்கிறது. வீட்டுப் பேக்கப்புக்கு அது போதும்.

முதல் முறை மட்டும்தான் இந்தக் காத்திருப்பு. பிறகு புதிதாகச் சேர்ந்தவையே போகும். அதனால் முதல் நாள் அவசியமான ஃபோல்டர்களை மட்டும் தேர்ந்து ஏற்றுங்கள். வீடியோக்கள் அடுத்த வாரம் போகட்டும்.

★ தரவு மிகுந்தால் கம்பியைவிடச் சாலையே வேகம். அமேசான் 2016-இல் ஸ்னோமொபைல் என்று 45 அடி கன்டெய்னர் லாரி ஒன்றை அறிமுகம் செய்தது. 2024-இல் நிறுத்தப்படும்வரை, ஒரு நடையில் 100 பெட்டாபைட், அதாவது ஒரு லட்சம் டி.பி. ஏற்றிச் செல்லக்கூடியதாக அது இருந்தது.

★ படங்களை ஜிப் செய்து வைத்தால் இடம் மிச்சமாகும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஜேபெக், எம்பி3, எம்பி4 ஆகியவை ஏற்கெனவே சுருக்கப்பட்டவை, மறுபடி சுருங்காது. உண்மையில் மிச்சமாவது இரட்டைப் பிரதிகளைக் களைந்தால்தான். கைபேசியில் ஒன்று, கணினியில் ஒன்று, பழைய லேப்டாப்பிலிருந்து கொண்டுவந்த 'ஓல்டு' ஃபோல்டரில் ஒன்று, அதற்குள் 'நியூ ஃபோல்டர் 2'-இல் இன்னொன்று என்று ஒரே படம் நான்கு இடத்தில் இருக்கும்.

★ கணினியும் மேகமும் (இணையச் சேமிப்பிடமும்) ஒன்றையொன்று பார்த்து அப்படியே மாறிக்கொள்வது 'சிங்க்'. பேக்கப் வேறு. சிங்க்கில் இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். கூகுள் டிரைவில் அழித்தவை 30 நாள் குப்பைத் தொட்டியில் இருக்கும், பிறகு கிடையாது. 2017 மே மாதம் 150-க்கும் மேற்பட்ட நாடுகளைத் தாக்கிய வான்னாக்ரை போன்ற பணயத் தீநிரல்கள் கோப்பை அழிப்பதில்லை, பூட்டிவிடுகின்றன. பூட்டிய கோப்பும் ஒரு 'மாற்றம்' என்பதால் சிங்க் அதை அப்படியே மேலே கொண்டுபோய் வைத்துவிடும். முந்தைய பிரதிகளை எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று கேட்டுத்தான் சேவையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். என்னைக் கேட்டால் 2 டி.பி.யும் பழைய பிரதி இல்லாமையும் தரும் திட்டத்தைவிட, 200 ஜி.பி.யும் பல மாதப் பழைய பிரதிகளும் தரும் திட்டமே மேல்.

★ மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். 3-2-1 என்று உலகமே சொல்லும் இந்த விதியைப் பரப்பியவர் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோ. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தரைத்தள வீடுகள் மூழ்கியபோது கணினியோடு மேசை இழுப்பறையில் இருந்த ஹார்டு டிஸ்க்கும் சேர்ந்தே நனைந்தது. அந்த மூன்றாவது பிரதி ஏன் வேண்டும் என்று அன்று புரிந்தது. இணைய பேக்கப் அந்த 'வேறு இடம்' என்ற தேவையை வீட்டிலிருந்தபடியே நிறைவேற்றுகிறது.

★ வேறு இடம் என்பது நிஜமாகவே வேறு இடமா? 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று முழுதும் எரிந்தது. பணம் கட்டி பேக்கப் எடுத்திருந்த வாடிக்கையாளர் ஒருவரின் நகலும் அதே கட்டடத்தில்தான் இருந்தது. நீதிமன்றம்வரை போய் இழப்பீடு வாங்கினார். தரவு வரவில்லை.

★ 2025 செப்டம்பர் 26 இரவு தென்கொரியாவின் டேஜான் நகரில் அரசுத் தரவு மையத்தில் பேட்டரி தீப்பிடித்தது. அங்கே இருந்த 'ஜி-டிரைவ்' என்ற சேமிப்பகம் அழிந்தது. அரசு ஊழியர்கள் தங்கள் வேலைக் கோப்புகளை அலுவலகக் கணினியில் வைக்காமல் இதில்தான் வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆளுக்கு 30 ஜி.பி. இடம். மொத்தம் 858 டி.பி. வேறு சேவைகளின் தரவுக்கு வெளியே நகல் இருந்தது, இதற்கு இல்லை. ஏன்? அளவு மிகப் பெரியது என்பதே அதிகாரிகள் தந்த விளக்கம்.

இந்தச் செய்தியைப் படித்தபோது மனம் ஆறவில்லை. எத்தனை பேரின் எத்தனை ஆண்டு வேலை! நம் வீட்டிலும் இதே காரணம்தான் சொல்லப்படுகிறது: "ரொம்ப இருக்கே, எங்கே ஏத்துறது?" எல்லாவற்றையும் ஏற்ற முடியாவிட்டால் முக்கியமான 10 ஜி.பி.யை ஏற்றுங்கள். சொத்துப் பத்திரம், சான்றிதழ்கள், காலமான பெரியவர்களின் படங்கள், குழந்தையின் முதல் வருடம், நடப்பு ஆண்டின் கணக்கு. இவை பத்து ஜி.பி.க்குள் அடங்கும்.

★ மார்ச் 31 உலக பேக்கப் நாள். 2011 முதல் கொண்டாடப்படுகிறது.

★ பேக்கப் எடுத்தவர்கள் அதைத் திறந்து பார்க்கிறார்களா? 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் நிறுவனமான கிட்லேபில் களைத்துப்போன பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள் 300 ஜி.பி. தரவில் மிஞ்சியது நாலரை ஜி.பி. ஐந்து விதமான பாதுகாப்பு ஏற்பாடுகள் இருந்தன. எதுவும் சரியாக வேலை செய்யவில்லை என்று நிறுவனமே வெளிப்படையாக எழுதியது. தினசரி பேக்கப் கோப்புகள் உருவாகிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் அவை வெறும் சில பைட் அளவே இருந்தன! தோல்வி குறித்த எச்சரிக்கை அஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் எடுத்திருந்த நகல் கைகொடுத்தது.

நமக்கும் இது நேரடியாகப் பொருந்தும். கணினியில் 80 ஜி.பி. இருக்க, மேலே 3 ஜி.பி.தான் என்று காட்டினால் பேக்கப் ஓடவில்லை என்று பொருள். மாதம் ஒருமுறை அந்த எண்ணைப் பாருங்கள். பார்த்தபின் ஏதாவது ஒரு படத்தையும் ஒரு கணக்குக் கோப்பையும் வேறொரு கணினியில் இறக்கித் திறந்து பாருங்கள்.

★ இப்போது தேர்வு. ஒரு குடும்பத்தில் 10,000 படங்கள், ஒன்று 3 எம்.பி. என்றால் 30 ஜி.பி.; வீடியோ 40; ஆவணங்கள் 5. மொத்தம் 75 ஜி.பி. சென்ற ஆண்டு மட்டும் எவ்வளவு சேர்ந்தது என்று தேதி வாரியாகப் பார்த்தால் 25 ஜி.பி. என்று தெரிகிறது. இரண்டு ஆண்டில் 125. இவர்களுக்கு 100 போதாது, 200 ஜி.பி. சரியாக இருக்கும், 2 டி.பி. இப்போதைக்கு வேண்டாம். சிறிய திட்டத்திலிருந்து பெரியதற்கு ஏறுவது ஒரு நிமிட வேலை. பெரியதிலிருந்து இறங்க வேண்டுமானால் முதலில் அழிக்க வேண்டும், எதை அழிப்பது என்று வீட்டில் வாக்குவாதம் வரும். இரண்டு ஆண்டுக்கு மேல் கணக்குப் போட்டு வாங்க வேண்டியதில்லை.

★ பங்கு போடுவதிலும் வேறுபாடு உண்டு. கூகுள் ஒன் திட்டத்தை மேலும் 5 பேரோடு பகிரலாம். ஆனால் அது பொதுத் தண்ணீர்த் தொட்டி. ஒருவர் திறந்துவிட்டால் எல்லோருக்கும் தீரும். மைக்ரோசாஃப்ட் 365 குடும்பத் திட்டத்தில் 6 பேருக்கும் தலா 1 டி.பி. தனித்தனி. கல்லூரிப் பிள்ளைகள் வீடியோ எடுத்துத் தள்ளும் வீட்டுக்கு இரண்டாவது நிம்மதி.

★ சில சேவைகளில் நாமே வைக்கும் தனிச் சாவியால் கோப்புகளைப் பூட்டலாம். நிறுவனத்தாலும் திறந்து பார்க்க முடியாது. நல்ல பாதுகாப்பு. ஆனால் சாவியை மறந்தால் எவராலும் மீட்டுத் தர முடியாது. தாளில் எழுதி, பத்திரங்கள் இருக்கும் கோப்பில் வையுங்கள்.

★ 2 ஆண்டு எவரும் நுழையாத தனிநபர் கணக்குகளை கூகுள் 2023 டிசம்பர் முதல் நீக்கத் தொடங்கியிருக்கிறது. அப்பா இறந்தபின் அவர் கணக்கில் இருக்கும் படங்கள் அங்கேயே இருக்கும் என்று எண்ண வேண்டாம். உயிரோடு இருக்கும்போதே, கணக்கு செயலற்றுப் போனால் யாருக்குத் தர வேண்டும் என்று கூகுளில் குறித்து வைக்கலாம். ஆப்பிளில் 2021 டிசம்பர் முதல் 'லெகசி காண்டாக்ட்' என்று இதே ஏற்பாடு இருக்கிறது. வீட்டுப் பெரியவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து இதைச் செய்து கொடுங்கள்.

★ இந்தியாவில் 2021 அக்டோபர் முதல், முறைப்படி அனுமதி பதிவு செய்யாத அட்டையிலிருந்து சந்தா தானாகப் பிடிக்கப்படாது. பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்னதாக வங்கி தகவல் அனுப்பும். அட்டை காலாவதியாகிப் புது அட்டை வந்திருந்தால் பேக்கப் சேவையில் அந்த எண்ணை மாற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் பணம் போகாது, திட்டம் முடிந்துவிடும், புதிய கோப்புகள் ஏறுவது நின்றுவிடும். ஆண்டுச் சந்தா முடியும் தேதியைச் சமையலறை நாள்காட்டியில் குறித்துவிடுங்கள்.